வேறு குறிப்புகள்

சுழிபுரத்தில், இரும்புக் கேற்றுக்குப் பின்னால்
சிவப்பு மாஸ்டா ஒன்று.
தொண்ணூற்றியொன்றாம் ஆண்டு. இரண்டே இருக்கை.
"மிஸ், எழுபத்திரண்டு லட்சம்,
ஒரு சதம் குறையாது" என்றார் திரவியராசா.
ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் செய்து
போன மாசம் பென்சன் எடுத்தவர்.
வாங்க வந்த கீர்த்தனனிடம் ஐம்பது இருக்கிறது.
கோழித்தீன் ஏஜென்சி. சட்டையில் தவிட்டு வாசம்.
நடுவில் புரோக்கர் சுவாம்பிள்ளை
போனில் இலக்கம் தட்டி
ஒருவருக்குக் காட்டி மற்றவருக்கு மறைத்து
இருவரிடமும் "மாதா சத்தியமாய்" என்கிறார்.
விலை மதிக்க வந்தவள் நான்.
என் கூலி ஆளுக்குப் பாதி.

மனிசரை நான் கேட்பதில்லை, காரைத்தான் கேட்பேன்.
துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவோரம் வைத்தேன்.
பிடித்தது, பிடித்தது,
பின் மட்காட்டில் வழுக்கி விழுந்தது.
அங்கே தகரமில்லை, பூச்சு.
எந்த மதிலோ, எந்த இரவோ.
ஒன்றரை லட்சம் கழித்தேன்.
கதவடியில் உப்புக்காற்று தின்ற ஓட்டை,
சுண்டுவிரல் போகும். அதற்கு இரண்டு.
ரயரின் வரிகள் ஆழமாய் இருந்தன,
பக்கத்தில் பொறித்த திகதியோ
தேயாமலே கிழண்டுபோன கதையைச் சொன்னது.
சுவிட்சைத் தட்ட, முன் விளக்கு ஒன்று சட்டென விழித்தது.
மற்றது பள்ளிக்கூட நாளில்
பாயை விட்டு எழும்பும் பிள்ளை.

நாலு கியரும் வெண்ணெய்.
ஐந்தாவது மட்டும் இறுகிக் கிடந்தது.
"அதைத் தொடுறேல்லை" என்றார்.
"அறுபதுக்கு மேலே இந்த றோட்டில எங்கை ஓடுறது?
மாடு, சைக்கிள், மினிபஸ்."
மீற்றரில் நூற்றியெண்பது எழுதியிருக்கிறது.
அந்த வேகத்தில் டவுனிலிருந்து கிளம்பினால்
பதினொரு நிமிசத்தில் பருத்தித்துறை,
பன்னிரண்டாவதில் கடல்.
ஓடாத வேகத்துக்கு என்ன விலை?
வைத்திருந்தவர் வட்டி கேட்கலாமா?

பிறகுதான் இடப்பக்க இருக்கையைப் பார்த்தேன்.
நுரை கொஞ்சமும் அமரவில்லை.
பட்டியை இழுத்தேன், வர மறுத்தது.
"ஒருத்தரும் இருந்ததில்லையோ?"
"ஆர் இருக்கிறது?"
சாவி வளையத்தை விரலில் சுழற்றினார்.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
கூட்டவா, கழிக்கவா?

ஐம்பத்தெட்டு என்றேன்.
சுவாம்பிள்ளை இருமினார்.
கீர்த்தனன் அண்ணனுக்கு நோர்வேக்கு அடித்து
எட்டு லட்சத்தை எப்படியோ ஒப்பேற்றினான்.
திரவியராசா ஓம் என்று சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஒருக்கா ஓடிப் பார்க்கவேணும்" என்றேன்.
அதுவும் கூலிக்குள் அடக்கம்.
இரண்டே இருக்கை. எனவே வாங்குகிறவன்
தவிட்டு வாசத்தோடு முற்றத்தில் நின்றான்.
விற்கிறவர், வாழ்க்கையில் முதல் தடவை,
இடப்பக்கத்தில் ஏறினார்.
பட்டியை எங்கே கொழுவுவதென்று தெரியவில்லை.

பொன்னாலைப் பாலம்.
இருபக்கமும் முழங்கால் ஆழக் கடல்.
நேர் றோட்டு, மாடில்லை, கூரையைத் திறந்து விட்டிருந்தோம்.
மூன்று. நாலு.
அவர் கால் இல்லாத பிரேக்கைத் தேடி
வெறுந்தரையை மிதித்தது.
ஐந்தாவதை இரண்டு கையாலும் போட்டேன்,
ஒரு கணம் ஸ்ரேறிங்கைக் கடவுள் பிடித்தார்.
தொண்ணூறு. நூற்றிப்பத்து.
வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்,
அதற்குள் பின்னால் போய்விட்டார்.
நூற்றிப்பதினெட்டில்
திரவியராசா ஏதோ கத்தினார்.
நிறுத்தச் சொல்கிறார் என்று காலை எடுத்தேன்.
"எடுக்காதேங்கோ!"

திரும்பி வந்தோம்.
நரைமுடி நாலா பக்கமும் நிற்க, இறங்கி,
பொனற்றில் கை வைத்தார். சூடு. எடுக்கவில்லை.
"அறுபத்திரண்டு" என்றார்.
"அண்ணை, இதென்ன விசர்க்கதை!" சுவாம்பிள்ளை.
"இப்பதான் தெரியுது
நான் என்னத்தை விக்கிறன் எண்டு."

கீர்த்தனன் என்னைப் பார்த்தான்.
நியாயம் கேட்கிற பார்வை. அதற்குத்தானே பாதிக் கூலி.
ஐம்பத்தெட்டை நான் மாற்றவில்லை.
கையெழுத்து வைத்தேன், முத்திரை குத்தினேன்,
கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்ற வெற்றுக் கோட்டில்
எழுதினேன்:
இடப்பக்க இருக்கை,
ஒரு தடவை பாவிக்கப்பட்டது.